பாட்டு நோட்டிலிருந்து அச்சுக்கு: தாமிரபரணிக் கரைப் பெண்களின் எழுத்து

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். முத்துக்குளித்துறையின் பழம்பெரும் ஊர்களில் ஒன்று. 1586ஆம் ஆண்டில் இங்கே ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானதாக அச்சு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அண்ட்ரிக் அடிகளார் எழுதிய ‘அடியார் வரலாறு’ அது. அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெரிய நூல். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாகி எட்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அச்சுக்கான செலவில் முத்துக்குளித்துறைப் பரதவர்களின் பணமும் இருந்தது. நம் நாட்டின் மிகப் பழைய அச்சுப் புத்தகங்களில் ஒன்று இப்படித் திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தோடு தொடர்புடையது.

அதே ஆற்றுப் படுகையின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்தில் இருக்கிறது செங்கோட்டை. குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தச் சிற்றாற்றுச் சீமையில் பிறந்த ஆவுடையக்காள் என்ற பெண் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடினார். அவை புத்தகமாக இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. கடலோரத்தில் அவ்வளவு சீக்கிரம் வந்த அச்சு, மலையடிவாரத்துப் பெண்ணின் சொல்லுக்கு ஏன் இத்தனை தாமதமாக வந்தது? அதுவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றியவர்கள் யார்? தமிழ்ப் பெண் எழுத்தின் வரலாற்றில் கவனமாகப் பார்க்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆவுடையக்காளின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் செவிவழி வரலாறு. பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். விவரம் தெரியாத வயதில் கல்யாணம். பெரியவளாகும் முன்பே கணவன் இறந்துபோனான். அந்தக் காலத்து வழக்கப்படி அத்துடன் அவருடைய உலகம் வீட்டின் பின்கட்டோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊர்வாய்க்கு அஞ்சாத தாய் அவருக்கு எழுத்தும் படிப்பும் கிடைக்கும்படி செய்தார் என்கிறது அந்த வரலாறு. பிறகு திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாள் அவருக்கு உபதேசம் செய்தார். தஞ்சையை ஷாஹஜி மன்னர் ஆண்ட காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர் அய்யாவாள். அதை வைத்துத்தான் அக்காளின் காலத்தையும் கணிக்கிறார்கள். இறுதியில் ஓர் ஆடி அமாவாசை அன்று குற்றாலத்தில் நீராடிவிட்டு மலையேறிப் போனவர் திரும்பவில்லை என்பது செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கதை.

கதை எப்படியிருந்தாலும் பாடல்கள் மெய்யானவை. அவற்றின் பெயர்களைப் பார்த்தாலே ஒரு விஷயம் புலப்படும்: சூடாலைக் கும்மி, வேதாந்தப் பள்ளு, வேதாந்த வண்டு, வேதாந்த ஆச்சே போச்சே. கும்மியும் பள்ளும் கண்ணியும் ஏட்டுப் படிப்பு இல்லாதவர்களும் பாடிப் பழகிய வடிவங்கள். வண்டைப் பார்த்துப் பாடுவதும் நாட்டுப்புறத்தில் பழக்கமானதுதான். வடமொழியில் பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டிருந்த அத்வைதத்தை, அம்மியும் உரலும் இருக்கும் இடத்தில் பாடக்கூடிய மெட்டில் வைத்தார் அக்காள். பெண்கள் தங்களுக்குள் பேசும் தமிழிலேயே பாடினார்.

சூடாலையை அவர் தேர்ந்தெடுத்ததிலும் பொருள் உண்டு. யோக வாசிஷ்டத்தில் வரும் அரசி அவள். கணவன் ராஜ்யத்தைத் துறந்து காட்டுக்குப் போய் ஞானம் தேடுகிறான். அரண்மனையில் இருந்தபடியே ஞானம் பெற்ற மனைவி, மாறுவேடத்தில் போய் அவனுக்கே குருவாகிறாள். பெண் குருவாகவும் ஆண் சீடனாகவும் இருக்கும் இந்தக் கதையைப் பெண்கள் கூடிக் கைதட்டிப் பாடும் கும்மியில் வைத்தார் ஆவுடையக்காள்.

‘பண்டிதன் கவி’ இன்னும் கூர்மையானது. தீட்டு என்று பெண்ணின் உடலை ஒதுக்கிவைக்கும் பண்டிதனை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார். எந்த உதிரத்தைத் தீட்டு என்கிறாயோ, அதிலிருந்துதானே உன் உடலும் உருவானது என்பதே அந்தக் கேள்வியின் சாரம். மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார வைக்கப்பட்ட பெண்களும், தலை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட விதவைகளும் இந்தப் பாடல்களைப் பாடினார்கள். அவர்களுக்கு இது தத்துவம் மட்டுமல்ல, சொந்த வாழ்க்கையைப் பற்றிய பேச்சு.

அய்யாவாள் வாழ்ந்த திருவிசநல்லூரிலிருந்து தரங்கம்பாடி இரண்டு நாள் மாட்டுவண்டிப் பயணத் தொலைவுதான். அங்கே சீகன்பால்கு ஐயரின் தமிழ் அச்சுக்கூடம் 1713 வாக்கில் ஓடத் தொடங்கிவிட்டது. 1715க்குள் புதிய ஏற்பாடே அச்சாகிவிட்டது. ஆனால் அது மதப்பணிக்கான அச்சுக்கூடம். நம்மவர்கள் தடையின்றி அச்சுக்கூடம் வைத்து நடத்த வழி பிறந்தது 1835இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான். வழி பிறந்த பிறகும் முதலில் அச்சேறியவை ஆண் புலவர்களின் நூல்கள், புராணங்கள், பாடப்புத்தகங்கள். ஒரு நூல் அச்சாக வேண்டுமென்றால் ஏடு வேண்டும், ஏட்டைப் பெயர்த்தெழுத ஆள் வேண்டும், காகிதத்துக்குப் பணம் வேண்டும், பட்டணத்தில் தெரிந்தவர் வேண்டும். ஆவுடையக்காளின் பாடல்களை வைத்திருந்த பெண்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. அவர்களிடம் இருந்தது ஞாபகம். பிறகு, கொஞ்சம் எழுதத் தெரிந்தவர்களிடம் பாட்டு நோட்டு.

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பாட்டு நோட்டு இல்லாத பெரியம்மாக்கள் அந்நாளில் குறைவு. நலங்கு, ஊஞ்சல், தாலாட்டு, கும்மி, அம்மானை என்று பலவும் ஒரே நோட்டில் இருக்கும். மாமியாரிடம் கேட்டு மருமகள் எழுதியது, அத்தையின் நோட்டைப் பார்த்து மகள் எழுதியது எனக் கைமாறி வந்தவை. இலக்கிய வரலாற்றில் இந்த நோட்டுகளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அச்சுக்கூடம் செய்ய வேண்டிய வேலையை ஒரு முழு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்தவை இவைதான்.

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலியின் இன்னொரு பகுதியில் வேறொரு கதை தொடங்கியது. ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் மிஷன் பள்ளிகள் பெருகின. வேதம் வாசிக்க எழுத்து வேண்டும் என்பதால் பெண்பிள்ளைகளுக்கும் அங்கே எழுத்து கிடைத்தது. பாளையங்கோட்டையில் மிஷன் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. 1849இல் ‘நற்போதகம்’ பத்திரிகை வரத் தொடங்கியது. படிக்கத் தெரிந்த பெண்ணும் அச்சுக்கூடமும் ஒரே ஊரில் இருக்கும் நிலை இந்தச் சீமையில் இப்படித்தான் உருவானது.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் அன்னாள் சத்தியநாதன். அவருடைய தந்தை ஜான் தேவசகாயம், 1830இல் உதவிகுருப் பட்டம் பெற்று, திருநெல்வேலித் திருச்சபையில் கடாட்சபுரத்தில் பணியாற்றிய தமிழ்க் குருவானவர். கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர். கணவன் மனைவி இருவரும் 1860களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போனார்கள். அங்கே அன்னாள் பெண்கள் பள்ளிகளை நடத்தினார். வெளியே வராத இந்துக் குடும்பத்துப் பெண்களுக்கு வீடு வீடாகப் போய்க் கல்வி கொடுத்தார். 1862இல் ‘நல்ல தாய்’ என்ற தமிழ் நூலை எழுதி வெளியிட்டார். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தாய்மார்களுக்காக ஒரு தாய் எழுதிய புத்தகம். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவர இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. தமிழ் உரைநடை நடை பழகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் பெண்களுக்காக உரைநடையில் புத்தகம் எழுதி வெளியிட்டார் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

அந்தக் குடும்பத்தில் எழுத்து அன்னாளோடு நிற்கவில்லை. அவருடைய மகன் சாமுவேலை மணந்த கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் ‘சகுணா’, ‘கமலா’ என்ற இரண்டு நாவல்களை எழுதினார். 1894இல் முப்பத்திரண்டே வயதில் அவர் மறைந்தார். சில ஆண்டுகளுக்குள் இரண்டும் தமிழிலும் வெளிவந்தன. சாமுவேல் பிறகு மணந்த கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையில் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். இளம் சரோஜினி நாயுடு அதில் எழுதினார். கடாட்சபுரத்து அன்னாளில் தொடங்கிய கதை நாற்பதே ஆண்டுகளில் நூல், நாவல், பத்திரிகை என்று மூன்று படிகளையும் ஏறிவிட்டது.

பாளையங்கோட்டையில் இன்றும் ஒரு பெண் எழுத்தாளரின் பெயரைத் தாங்கி நிற்கும் நிறுவனம் சாராள் தக்கர் கல்லூரி. சாராள் தக்கர் (சாரா டக்கர்) இங்கிலாந்துக்காரர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் சி.எம்.எஸ். மிஷன் சங்கச் செயலராக இருந்த சகோதரர் ஜான் டக்கர் மூலமும், மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகள் மூலமும் தென்னிந்தியாவை அறிந்து, 1840களில் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1857இல் அவர் மறைந்தபின் நண்பர்கள் திரட்டிய நினைவு நிதியிலிருந்து பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. பின்னாளில் கல்லூரியும் வந்தது. திருநெல்வேலிக் கிராமங்களுக்கு முதல் தலைமுறை டீச்சரம்மாக்களை அனுப்பியது அந்தப் பள்ளி. எழுதத் தெரிந்த பெண்கள் ஊர் ஊராகப் போய் இன்னும் பல பெண்களுக்கு எழுத்தைக் கொடுத்தார்கள்.

இருந்தாலும் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆயிரத்துக்கு ஒன்பது பேர்தான். ஆகவே பெண்களைப் பற்றி அச்சில் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்களாகவே இருந்தார்கள். பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1892இல் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடரைப் பெண் பெயரில் ‘விவேக சிந்தாமணி’யில் எழுதத் தொடங்கினார். பால்ய விதவை ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதுபோல் அமைந்தது அது. எதிர்ப்பு எழுந்து தொடர் நின்றுபோனது. 1903இல் ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் நூலாக வந்தது. எட்டயபுரத்தில் பிறந்து திருநெல்வேலியில் படித்த பாரதி 1905 ஆகஸ்டில் ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்கள் மாத இதழுக்கு ஆசிரியரானார். இருவருமே பெண்கள் பக்கம் நின்றவர்கள். அவர்களின் எழுத்து பல கதவுகளைத் திறந்தது. ஆனாலும் பால்ய விதவையின் துயரத்தைப் பால்ய விதவையான ஆவுடையக்காளே பாடிவைத்திருந்தது அப்போது அச்சாபீஸுக்கு வெளியே, பின்கட்டுகளில்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

பாரதியின் மனைவி செல்லம்மாள் 1890இல் கடையத்தில் பிறந்தவர். பொதிகை மலையடிவாரத்து ஊர். தென்காசி வழியாகச் செங்கோட்டை முப்பது கிலோமீட்டருக்குள். ஏழு வயதில் கல்யாணம். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதி 1918 முதல் 1920 வரை குடும்பத்தோடு கடையத்தில்தான் இருந்தார். தன் எழுத்து முழுவதையும் நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிட வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். கடனாகப் பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

அப்போது செல்லம்மாளுக்கு முப்பது வயதுதான் கடந்திருந்தது. கையில் பணமில்லை, கல்யாணமாக வேண்டிய சின்ன மகள் இருந்தாள், கூடவே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள். அந்த நிலையில், கணவர் இறந்த சில மாதங்களுக்குள், சகோதரர் அப்பாதுரையின் துணையோடு திருவல்லிக்கேணியில் ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். 1922இல் ‘சுதேச கீதங்கள்’ இரண்டு பாகங்களாக வெளிவந்தன. விதவை என்றால் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று சொன்ன சமூகத்தில், தமிழ் மக்களுக்குத் தன் பெயரில் வேண்டுகோள் எழுதி, கணவரின் பாட்டை ஒரு விதவை அச்சுக்குக் கொண்டுவந்தார். கடையத்துப் பெண் செய்த இந்தக் காரியம் இல்லாமல் 1920களின் தமிழ்நாடு பாரதியைப் புத்தகமாகக் கையில் எடுத்திருக்காது.

அச்சின் கணக்கு அவருக்குச் சாதகமாக இருக்கவில்லை. குடும்பத்தின் பணமுடையால் உரிமை கைமாறியது. 1931இல் 4,000 ரூபாய்க்குப் பாரதி பிரசுராலயத்துக்குப் போனது. இடையில் 1928இல் சென்னை அரசாங்கம் அந்தக் கீதங்களைத் தடைசெய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதைக் கடுமையாக எதிர்த்தார். 1949இல் அரசே பாரதி நூல்களின் உரிமையை வாங்கி நாட்டுடைமையாக்கியபோது செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கிடைத்தது. உலகத்தில் எங்கும் அரிதான இந்த நாட்டுடைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். முதல் பதிப்பை அச்சாபீஸுக்கு எடுத்துப்போன செல்லம்மாளின் பெயரை அதே மூச்சில் சொல்வோர் சிலர்தான்.

செல்லம்மாள் எழுத்தாளரும்கூட. அவருடைய ‘பாரதியார் சரித்திரம்’ 1941இல் வந்தது. அவர் சொல்லச் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதினார். வீட்டுக்குள் இருந்த பாரதியை, அரிசி இல்லாத நாளையும் சேர்த்து, அந்த நூல்தான் காட்டியது. இளைய மகள் சகுந்தலாவும் பிறகு ‘என் தந்தை’ எழுதினார். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதும் இந்த முறை அந்தக் காலப் பெண் எழுத்தில் புதிதல்ல. ‘ஜகன்மோகினி’யை 1925 முதல் நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாளும் தன் முதல் படைப்பான ‘இந்திரமோகனா’வைச் சொல்லித்தான் ஆக்கினார். எழுதத் தெரியாத அவருக்காகப் பேனா பிடித்தவர் தோழி பட்டம்மாள். ஒரு பெண்ணின் குரலுக்கு இன்னொரு பெண்ணின் கை துணை நிற்பதில், பாட்டு நோட்டின் பழக்கம் அச்சு யுகத்துக்குள் தொடர்ந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டில்தான் ஆவுடையக்காளுக்கும் நேரம் வந்தது. ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் பெண்களிடமிருந்து பாடல்களைத் தேடித் திரட்டினார். கோமதி ராஜாங்கம், சிறுவயது முதல் பெண்கள் பாடக் கேட்ட மரபை எழுத்தில் பதிவுசெய்தார். 2002இல் திருக்கோவிலூர் ஞானானந்த தபோவனம் ‘செங்கோட்டை ஸ்ரீ ஆவுடையக்காள் பாடல் திரட்டு’ என்ற பெருந்தொகுப்பை வெளியிட்டது. 2012இல் காஞ்சனா நடராஜன் அந்தப் பாடல்களை ஆய்வுரையோடு ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொரு தொகுப்புக்கும் மூலம், யாரோ ஒரு பாட்டி பாடியது அல்லது யாரோ ஒரு அத்தை எழுதிவைத்த நோட்டு. பாரதியும் கடையத்துப் பக்கம் இந்தப் பாடல்களைக் கேட்டிருப்பார் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. வேதாந்தத்தைக் கும்மியிலும் கண்ணியிலும் பாட முடியும் என்பதை அவருக்கு முன்பே காட்டியவர் அக்காள் என்பதில் ஐயமில்லை.

அக்ரஹாரத்துக்கு வெளியேயும் பாட்டு இருந்தது. நடவு வயலிலும் தொட்டில் ஓரத்திலும் ஒப்பாரியிலும் பெண்கள் கட்டிய பாடல்களை எழுத்தில் பதிக்கும் முயற்சிக்குத் திருநெல்வேலியில் வலுவூட்டியவர் பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா. வானமாமலை. அவருடைய ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வெளிவந்தது. பாடியவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் அவர்களின் சொற்கட்டும் உவமையும் இன்று பல்கலைக்கழகப் பாடம்.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஆழ்வார்திருநகரியிலும் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது, பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து பூச்சியரித்த நோட்டுகள் வெளியே வருகின்றன. உள்ளே இருப்பது கோலப் புள்ளியாகவும் பட்சணக் கணக்காகவும் இருக்கலாம். ஆவுடையக்காளின் அச்சேறாத ஒரு கண்ணியாகவும் இருக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் அதைப் படமெடுத்து வைக்கலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ காட்டலாம். நோட்டின் முதல் பக்கத்தில், எழுதிய பாட்டியின் பெயர், ஊர், யாரிடம் கேட்டு எழுதினார் என்ற விவரம் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் கேட்டு இன்றே குறித்துவைக்கலாம். அடுத்த தொகுப்பைக் கொண்டுவருகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த மூன்று விவரங்கள்தான்.